ஒரு டம்ளர்னா எத்தனை கிராம்?

ராயப்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, போனில் ரெசிபி பார்த்துச் சமைக்கிற ஆளா நீங்க? அம்மா 'ஒரு ஆழாக்கு' என்பார். யூடியூபில் 'ஒரு கப்' என்பார்கள். கேக் ரெசிபியிலோ எல்லாமே கிராம் கணக்கு!

எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளியானது 1951-ல். மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்ததோ 1956-ல். அதனால், பாட்டி காலத்துச் சமையல் படி, ஆழாக்கிலேயே ஓடியது. இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. ரெண்டையும் ஒரே டம்ளரில் அளந்தால் போதும், மாவு சரியா வந்துடும்.

கிராமுக்கு மாறும்போதுதான் சிக்கல். 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம் பிடிக்கும். சர்க்கரை சுமார் 200, மைதா சுமார் 120 கிராம்தான். அதே மைதாவை அழுத்தி நிரப்பினால் 150-ஐத் தொட்டுவிடும், கேக் கல்லாகிவிடும். ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதிலும் கவனம் தேவை.

என்ன செய்யலாம்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மாவின் ஆழாக்கில் அரிசி, பருப்பு, ரவை என ஒவ்வொன்றாகத் தலைதட்டி அளந்து, தராசில் நிறுத்து, போனில் குறிச்சுக்கோங்க. காலி ஆழாக்கின் எடையைக் கழிக்க மறக்காதீங்க. ஆழாக்கை அம்மா தரமாட்டார்; அளவையாவது வாங்கிட்டு வந்துடலாம்!