நாணயமும் கைப்பேசியும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இருபொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். நம் ஊர் மளிகைக் கடையில் பற்று எழுதிப் பொருள் வாங்கும் குடும்பங்களிடம் கடைக்காரர் ஆவணம் எதுவும் கேட்பதில்லை. பாட்டனாரையும் தந்தையாரையும் அவர் அறிந்திருப்பதே போதுமான பிணையாகும். கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் மாணவருக்கோ அப்பிணை உடன் வருவதில்லை.

நம் கல்லூரியில் இளங்கலை முடித்து, முதுகலை பயில இங்கிலாந்து சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் நம்மோடு பேசினார். மாதத் தவணையில் புதிய கைப்பேசி வேண்டி விண்ணப்பித்ததாகவும், மும்முறை மறுக்கப்பட்டதாகவும் கூறினார். “ஐயா, நான் யாரிடமும் ஒரு காசுகூடக் கடன் வைத்ததில்லையே, என்னை ஏன் நம்ப மறுக்கிறார்கள்?” என்று வருந்தினார். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

விடை அவர் வினாவிலேயே அடங்கியிருக்கிறது. கடனே வாங்காதவரிடம், கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினார் என்பதற்கான சான்றும் இராது. அந்நாட்டில் மாதத் தவணைக் கைப்பேசி என்பது பெரும்பாலும் 24 மாதங்களோ அதற்கு மேலோ நீளும் கடனேயாகும். ஆதலால் விண்ணப்பம் வந்ததும் நிறுவனத்தார் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றையேனும் வினவுகின்றனர். புதிதாய் வந்தவரின் ஏடு அங்கே வெறுமையாக இருக்கும். இந்தியாவில் ஈட்டிய நற்பெயரும் பொதுவாக அவ்வேட்டில் ஏறுவதில்லை. எனவே மறுப்பு என்பது ஒழுக்கத்தின்மீது சுமத்தப்படும் பழி அன்று. எனினும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் தடம் பதிக்கும் என்பதால், மறுக்கப்பட்டவுடன் அடுத்தடுத்து விண்ணப்பிப்பது நிலைமையை மேலும் கெடுக்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, முன்பணச் சிம் அட்டை. இதற்குக் கடன் ஆய்வு இல்லை. 2001இல் இலங்கைத் தமிழர் மூவர் தொடங்கிய லெபாராவும், 2006இல் ஈழத்தமிழர் ஒருவர் தொடங்கிய லைக்கா மொபைலும் இவ்வகைச் சேவையால் குடியேறியோரிடையே பெயர் பெற்றவை என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. பூட்டப்படாத கைப்பேசியை ஊரிலிருந்தே கொண்டு செல்வது செலவையும் குறைக்கும்.

இரண்டாவது, பல்கலைக்கழகம் தரும் சான்றுக் கடிதத்தைக் கொண்டு வங்கிக் கணக்குத் தொடங்குதல். அதன்பின் கைப்பேசி இல்லாது சிம் மட்டும் பெறும் முப்பது நாள் திட்டத்திற்கு முயலலாம்.

மூன்றாவது, நம்மில் பலரும் அறியாதது: அங்கு முறையான விசாவுடன் வாழும் இந்தியர், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், வாக்காளர் பட்டியலில் பெயர் பதியும் உரிமை உடையவர். பெயரும் முகவரியும் அதில் இருப்பின் கடன் ஆய்வில் அடையாளத்தை உறுதிசெய்வது எளிதாகும்.

நான்காவது, தம் ஏட்டைத் தாமே பார்த்தல். 2018 முதல் சட்டப்படியான கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். முகவரிப் பிழை இருப்பின் திருத்தக் கோரலாம்.

இனி, தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஓராண்டுப் படிப்புக்குச் செல்பவர் ஈராண்டு ஒப்பந்தத்தில் சிக்குதல் கூடாது. இடையில் முறித்தால் எஞ்சிய தொகையைச் செலுத்த நேரும். மேலும், நண்பருக்காகத் தம் பெயரில் ஒப்பந்தம் எடுத்துத் தருதல் பேராபத்து. அவர் கட்டணம் செலுத்தாது நாடு திரும்பினால், கடன் கையெழுத்திட்டவர் தலையிலேயே விழும். செலுத்தத் தவறிய குறிப்பு ஆறாண்டுகள் ஏட்டில் நிற்கும். அறை வாடகைக்கு எடுக்கும்போதும், பின்னர் கடன் கேட்கும்போதும் அது எதிர்ப்படலாம்.

இவற்றைச் சொன்னதும் நம் மாணவர் விண்ணப்பிப்பதை நிறுத்தினார். முன்பணச் சிம் ஒன்றை வாங்கித் தம் பழைய கைப்பேசியிலேயே இட்டுக்கொண்டார். வாக்காளர் பட்டியலில் பெயரும் பதிந்துவிட்டதாகச் சென்ற மாதம் தெரிவித்தார். பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர்க்கு நாம் கூற விழைவது இதுவே: பயணப் பெட்டியில் நல்லதொரு கைப்பேசியை வைத்தனுப்புங்கள். முதல் மறுப்பில் அவர்கள் மனம் தளர்ந்தால், நம் ஊர்க் கடைக்காரரும் நம் குடும்பத்தை ஒரே நாளில் நம்பிவிடவில்லை என்பதை நினைவூட்டுங்கள்.