எடை இறங்கியாச்சு... மனசு ஏன் இறங்குது?

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" என்பதுதான். "மனசு எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உண்டு. "முடி கொட்டுது", "மலச்சிக்கல்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் உள்ளே இருப்பது வரும். "காரணமே இல்லாம அழுகை வருது டாக்டர்." "குழந்தைங்க மேல எரிஞ்சு விழறேன்." இதை வீட்டில் சொல்லத் தயக்கம். 'இவ்வளவு செலவு பண்ணி, இப்ப இது வேறயா?' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: இது உங்கள் மனபலக் குறைவு அல்ல. இதற்கு உடம்பிலேயே காரணங்கள் இருக்கின்றன. பலவற்றைச் சோதித்துச் சரிசெய்ய முடியும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரைப்பை வெறும் சோற்றுப்பை அல்ல. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் அங்கேதான் அதிகம் சுரக்கிறது. ஜப்பான் விஞ்ஞானிகள் 1999-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றுக்கும் மூளைக்கும் ஓயாத பேச்சுவார்த்தை உண்டு. அது திடீரென்று மாறும்போது மனநிலையும் ஆடுகிறது.

கொழுப்பும் வெறும் சுமை அல்ல. சித்த மருத்துவத்தில் ஏழு உடற்தாதுக்களில் ஒன்றாக அதைச் சொல்கிறோம். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொழுப்பிலும் உருவாகிறது, தங்கியும் இருக்கிறது. எடை வேகமாக இறங்கும் முதல் மாதங்களில் அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வர இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது சத்துக் குறைவு. பி12, இரும்பு, டி வைட்டமின் குறைந்தால் சோர்வு, மறதி, எதிலும் பிடிப்பின்மை வரலாம். 'மனசு சரியில்லை' என்று ஒதுக்கிவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

இனிப்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, நடுக்கம் வருகிறதா? முக்கியமாக பைபாஸ் ஆனவர்களுக்கு, உணவு குடலுக்குள் வேகமாகப் பாய்வதால் இது வரும். இதை மனப்பதற்றம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. எப்போது, என்ன சாப்பிட்டபின் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பின் அது உடம்பில் சேரும் அளவு மாறலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் அளவைச் சரிபாருங்கள்.

பறிபோன ஆறுதல்

ஆபீஸில் சண்டை. ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் நாலு பஜ்ஜி, ஒரு காபி. மனசு ஆறிவிடும். நம்மில் பலருக்குச் சாப்பாடுதான் துணை. ஆபரேஷன் அந்தத் துணையைப் பறித்துவிடுகிறது. கவலையோ அப்படியே இருக்கிறது.

அந்த இடத்தைச் சிலர் மதுவால் நிரப்புகிறார்கள். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுப் பிரச்னை இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. பைபாஸ் ஆனவர்களுக்கு மது வேகமாக ரத்தத்தில் ஏறும். தொடாதிருப்பதே நல்லது.

அந்த இடத்துக்கு வேறு துணை தேடுங்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு நடை, பழைய சிநேகிதியோடு அரைமணிப் பேச்சு, பாட்டு, தையல், எதுவானாலும் சரி.

இரண்டாம் ஆண்டில்தான் கவனம்!

முதல் ஆண்டு பாராட்டு மழை. பிறகு எடை இறங்குவது நின்றுவிடும். சிலருக்கு ஓரிரு கிலோ திரும்ப ஏறும். தோல் தொங்கும். பாராட்டும் ஓய்ந்துவிடும். 'உடம்பு இளைச்சா எல்லாம் சரியாயிடும்' என்று நம்பியவருக்கு, கடனும் மாமியார் சண்டையும் இளைக்கவில்லை என்று தெரியவருவது அப்போதுதான்.

கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைக் கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது, ஆபரேஷனுக்குப் பின் சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்! மொத்த எண்ணிக்கை சிறியதுதான். பலருக்கு ஆபரேஷனுக்குப் பின் மனச்சோர்வு குறையவும் செய்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆறு மாதத்தோடு டாக்டரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

* "ஒரு வாய்தானே, சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். கல்யாண வீட்டில் அவர் பாதி இட்லியோடு எழுந்தால் அது அவமரியாதை அல்ல.
* தினமும் எடை விசாரிக்காதீர்கள். "இன்னிக்கு எப்படி இருக்கே?" என்று கேளுங்கள்.
* அழுதால் "எல்லாம் நீயே கேட்டு வாங்கினது" என்று சொல்லிவிடாதீர்கள்.
* கணவன்-மனைவிக்குள் சந்தேகமோ பொறாமையோ தலைகாட்டினால் இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போங்கள்.

நாட்டு மருந்து சாப்பிடலாமா?

சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்: நீங்களாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் பேதி மருந்து இவர்களுக்கு வேண்டாம். இருக்கும் சத்தும் போய்விடும். 'எடை குறைக்கும் லேகியம்' வேண்டவே வேண்டாம். வைட்டமின் மாத்திரைகளுக்குப் பதிலாகக் கஷாயம் என்று மாற்றவும் கூடாது. சித்த ஆலோசனை வேண்டுமானால், தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தாமதிக்காதீர்கள்!

* வாந்தி நிற்காமல், நடை தள்ளாடி, பேச்சு குழம்பினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். ஊசி மூலம் உடனே கொடுத்தாக வேண்டும்.
* இரண்டு வாரத்துக்கு மேல் துக்கமோ தூக்கமின்மையோ நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.
* 'செத்துப் போயிடலாம்' என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆபரேஷன் தேதியோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை எடை பார்க்கப் போகும்போது, "டாக்டர், மனசும் கொஞ்சம் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.