உஷார்! சாவி கைக்கு வராமல் காசு கையை விட்டுப் போகக் கூடாது

டொராண்டோவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? அந்த ஊறுகாய் பாட்டிலை அப்படியே கீழே வையுங்கள். பெட்டியை அப்புறம் கட்டலாம். முதலில் இதைப் படியுங்கள்.

வாடகை வீட்டுக்கு முன்பணம் அனுப்பிவிட்டீர்களா? இன்னும் இல்லையா? நல்லவேளை. அனுப்பாதீர்கள்!

கோவையிலிருந்து போன ஒரு குடும்பம். கணவருக்கு ஐ.டி. வேலை, இரண்டு பிள்ளைகள். போய் இறங்கியதும் குழந்தைகள் அலையக் கூடாதே என்று இங்கிருந்தபடியே இணையத்தில் வீடு தேடினார்கள். ஸ்கார்பரோவில் இரண்டு படுக்கையறை, பக்கத்திலேயே தமிழ்க் கடைகள், மாதம் 1,700 டாலர். அதே வட்டாரத்தில் மற்ற வீடுகள் எல்லாம் 2,500-க்கு மேல். அங்கேயே சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். 'நம்ம நல்ல நேரம்' என்றுதான் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்காரர் வேலை விஷயமாக வான்கூவரில் இருக்கிறாராம். தேன் ஒழுகும் பேச்சு. "குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் கொடுக்க நினைக்கிறேன். ஆனால் இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்" என்றாராம். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஆக 3,400 டாலர். நம் காசுக்குச் சுமார் இரண்டு லட்சம். அங்கிருக்கும் நண்பர் ஒருவர் மூலம் இன்டராக் என்கிற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் போய்ச் சேர்ந்தது. கூடவே நான்கு பேரின் பாஸ்போர்ட் நகலும்!

ஜனவரி மாத இரவு. பியர்சன் விமான நிலையத்திலிருந்து எட்டுப் பெட்டிகளோடு போய் மணி அடித்தால், கதவைத் திறந்தது வேறொரு குடும்பம். நான்கு வருடமாக அங்கே குடியிருப்பவர்கள். வெளியே மைனஸ் 15. சின்னவன் காலில் கான்வாஸ் ஷூ.

விளம்பரத்தில் இருந்த படங்கள், எப்போதோ அந்த வீடு விற்பனைக்கு வந்தபோது எடுத்தவை. திருடி ஒட்டியிருக்கிறார்கள்.

பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. முகவரிச் சான்று இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது. ஓஹிப் என்கிற அரசு மருத்துவ அட்டைக்கும் ஒன்டாரியோவில் குடியிருப்பதற்கு ஆதாரம் வேண்டும். மூத்த பெண் மூன்று வாரம் மோட்டல் அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அதனால் அங்கே எவ்வளவு கேட்டாலும் நமக்கு உறைப்பதில்லை. ஒன்டாரியோ சட்டப்படி, மாத வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகக் கழிய வேண்டியது. 'டேமேஜ் டெபாசிட்' என்று தனியாகக் கேட்டால் அது சட்டவிரோதம். பெரும்பாலான வீடுகளுக்கு 2018 முதல் அரசே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. 'அதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாடகை அடிமாட்டு விலையா? உஷார். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறாரா, சாவி கூரியரில் வருமா? உஷார். இன்றைக்கே அனுப்பாவிட்டால் வீடு போய்விடும் என்கிறாரா? போகட்டும்! விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. முதல் இரண்டு வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

பேஸ்மென்ட் வீடா? உள்ளே போனதும் சமையலறையைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். தீப்பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாக வெளியேறுவீர்கள்? புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் வேலை செய்கின்றனவா? அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். தாளிக்கும்போது கத்துகிறதே என்று அலாரத்தில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைக்கும் நம் வீடுகள் எத்தனை! கட்டாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

போய்ச் சேர்ந்து விண்ணப்பித்ததும் 'சின்' என்கிற ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண் கிடைக்கும். தற்காலிக விசாவில் போகிறவர்களுக்கு அது 9-இல் தொடங்கும். பர்ஸில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். வீட்டுக்காரருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு நாள் போன் வரும்: 'உங்கள் சின் முடக்கப்பட்டது, போலீஸ் வருகிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்.' கை நடுங்கும். விசா போய்விடுமோ என்று வயிறு கலங்கும். வைத்துவிடுங்கள். எந்த அரசாங்கமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது.

அந்தக் கோவைக் குடும்பம் நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம். 'படித்தவர்கள் இப்படியா ஏமாறுவது' என்று ஊரில் பேசுவார்களே! அந்த நான்கு நாளில் பணம் எங்கெங்கோ போய்விட்டது. நீங்கள் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இந்த நிமிடமே வங்கியைக் கூப்பிடுங்கள். அடுத்து போலீஸ். அதோடு கனடா மோசடித் தடுப்பு மையம்: 1-888-495-8501. பாஸ்போர்ட் நகலும் போயிருக்கிறதா? ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்கிற கடன் தகவல் நிறுவனங்கள் இரண்டிடமும் உங்கள் பெயரில் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். மாமியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நாளைக்கு யோசிக்கலாம்.