சிறப்புக் கல்வியில் வடிவமைப்பும் உருவாக்கத் தொழில்நுட்பமும்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் முதலியவை உள்ள மாணவர்கள் ஒரு பொருளைத் திட்டமிட்டு, அளந்து, வெட்டி, பொருத்திச் செய்து முடிக்கப் பழக்குவது சிறப்புக் கல்வியின் ஒரு பகுதியாகும். இதில் மாணவரின் திறன் வளரட்டும் என்று காத்திருப்பதைவிட, வேலையின் அமைப்பை மாற்றுவதே பெரும் பயன் தரும்.

அமெரிக்கக் கல்வியாளர் மார்க் கோல்ட் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. மிதமானதும் கடுமையானதுமான அறிவுசார் குறைபாடு உள்ள 64 பேருக்கு, 15 உதிரிப் பாகங்கள் கொண்ட மிதிவண்டி பிரேக்கைப் பூட்டக் கற்பித்தார். பாதிப்பேருக்கு, பூட்டும்போது தம்மை நோக்கி இருக்கவேண்டிய பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிய பாகங்களைக் கொடுத்தார். அவர்கள் மற்றவர்களைவிட விரைவாகக் கற்றனர். பிறகு சாயம் பூசாத, 24 பாகங்கள் கொண்ட வேறொரு பிரேக்கும் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய அனைவருமே அதையும் பூட்டக் கற்றுக்கொண்டனர். 'இவர்களுக்கு இது வராது' என்ற தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பது அப்போது தெரிந்தது.

மரவேலையில் சிவப்புச் சாயத்தின் இடத்தை ஜிக் பிடித்துக்கொள்கிறது. அளவுகோலைப் படிக்க இயலாத மாணவர் 30 செ.மீ. நீளத்தில் நான்கு சட்டங்கள் அறுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் வாள் இறங்கும் பள்ளத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு தடுப்புக்கட்டையை அறைந்துவிட்டால், சட்டத்தை அதில் முட்டவைத்து அறுத்தால் போதும். இடதுகைப் பழக்கம் உள்ளவருக்குக் கட்டை மறுபக்கம் இருக்கவேண்டும். ஆசிரியர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. அளவுகோல் பழகப்பழக ஜிக்கை விலக்கிக்கொள்ளலாம்.

வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து கற்பிப்பதும் உண்டு. முதல் நாள் ஆசிரியர் எல்லாம் செய்துவைக்க, மாணவர் கடைசித் திருகாணியை மட்டும் முடுக்குவார். அடுத்து கடைசி இரண்டு. எந்த நாளும் அவர் கையில்தான் பொருள் முடிகிறது.

பவர் டிரில்லின் இரைச்சல் ஆட்டிசம் உள்ள சிலருக்குத் தாங்காது. அவர்களுக்குக் கைத்துரப்பணம் நல்லது.

பல வகுப்புகளில் வடிவமைப்பு ஆசிரியரிடமே நின்றுவிடுகிறது. மாணவருக்கு உப்புத்தாள் தேய்ப்பதும் சாயம் பூசுவதுமே மிஞ்சுகின்றன. பேச்சோ எழுத்தோ வராதவரும் வடிவமைக்கலாம். பை மாட்டும் பலகை செய்யும்போது, முதலில் அட்டையில் மாதிரி செய்து சுவரில் ஒட்டவேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் தன் பையை அதன்மேல் பிடித்துப் பார்ப்பார். கை எட்டவில்லை என்றால் கீழே இறக்கச் சொல்லிக் காட்டுவார். பை தரையில் இடித்தால் மேலே ஏற்றச் சொல்வார். கொக்கிக்கான பென்சில் குறியை அதன்பிறகு அவரே போடுவார்.