கணக்குப் பேராசிரியரின் வீட்டுக் கணக்கு

மகரிஷி கார்வே விதவைகளுக்குக் கல்வி கொடுத்த கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதற்கு அவருடைய வீடு கொடுத்த விலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

புனேயின் நெரிசலான பகுதிகளில் ஒன்று கார்வே நகர். 1900ல் அது ஹிங்கணே என்ற குக்கிராமம். சரியான சாலை கிடையாது, மழை பெய்தால் கணுக்கால் சேறு. பெர்குசன் கல்லூரியில் கணிதப் பாடம் முடித்த ஒல்லியான பேராசிரியர் ஒருவர் அந்த வழியே நடந்து போவார். போய்ச் சேரும் இடம் ஒரு குடிசை. அங்கே சில இளம் விதவைகள் காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுநாள் வகுப்புக்குக் கல்லூரிக்கு நடந்து வருவார். இப்படி ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, வருடக்கணக்கில்.

தோண்டோ கேசவ் கார்வே 1858 ஏப்ரல் 18ல் கொங்கணத்தில், ரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்தவர். வளர்ந்தது தாபோலிக்குப் பக்கத்தில் உள்ள முருட் கிராமம். (ஜஞ்சிரா கோட்டைக்குப் பெயர் போன முருட் வேறு.) சிறுவயதில் ஒரு பரீட்சை எழுதுவதற்காக மலைத்தொடரைத் தாண்டி சதாராவுக்கு நடந்தே போனார். ஆள் பொடியனாகத் தெரிகிறான், வயது போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெட்ரிக் தேறியபோது வயது 23. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதம் படித்து 1884ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அந்தக் கால வழக்கப்படி 14 வயதில் திருமணம் நடந்தது. மனைவி ராதாபாய்க்கு வயது எட்டு. ரகுநாத் என்ற மகனை விட்டுவிட்டு ராதாபாய் 1891ல் இறந்துபோனார். அதே ஆண்டு கோபாலகிருஷ்ண கோகலேயின் அழைப்பில் கார்வே புனேக்கு வந்து பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். முப்பது தாண்டிய ஆண், அதுவும் பேராசிரியர் என்றால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கொடுக்க ஊரே வரிசையில் நிற்கும் காலம் அது. கார்வே மறுத்துவிட்டார். மறுமணம் என்றால் ஒரு விதவையைத்தான் என்பது அவர் முடிவு.

அவருடைய நண்பர் நரஹர் பந்த் ஜோஷிக்கு கோதுபாய் என்று ஒரு தங்கை. எட்டு வயதில் கல்யாணமாகி, சில மாதங்களிலேயே தாலியை இழந்தவர். தலையை மழித்துப் புகுந்த வீட்டு வேலைக்கு விடப்பட்டிருந்த அந்தப் பெண்ணை அண்ணன்தான் பம்பாய்க்கு அழைத்து வந்தார். பண்டித ரமாபாய் 1889ல் தொடங்கிய சாரதா சதனத்தில் சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய்தான். 1893 மார்ச் 11ல் கார்வே அவரை மணந்தார். கோதுபாய் ஆனந்திபாய் ஆனார். வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் 'பாயா'. கார்வே எல்லோருக்கும் 'அண்ணா'.

புனேயில் ஓரளவு பொறுத்துக்கொண்டார்கள். முருட் பொறுக்கவில்லை. கார்வே யாரோ ஊர்பேர் தெரியாதவர் அல்ல, படித்த காலத்திலிருந்தே தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஊர் நலனுக்கு எடுத்து வைத்தவர். ஆனாலும் ஊர்க்கூட்டம் கூடியது. கார்வே இருக்கும் சபையில் எவரும் உட்காரக் கூடாது, தாயார் வீட்டில் தங்கினால் அந்த வீட்டையும் ஜாதிப்பிரஷ்டம் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சொந்த ஊருக்குப் போனால் பெற்ற தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் ஒரே பந்தியில் சாப்பிட முடியாத நிலை. கார்வே சண்டைக்குப் போகவில்லை. ஒதுங்கித் தங்கிவிட்டுத் திரும்பினார். அவருடைய பிடிவாதம் சத்தம் போடாத ரகம்.

அந்தப் பிடிவாதம் அவரை வேறொரு முடிவுக்கும் கொண்டுபோனது. மறுமணத்துக்கு ஆதரவு திரட்ட அவரே ஒரு சங்கம் வைத்து நடத்தினார். ஆனால் நாட்டிலுள்ள விதவைகளில் எத்தனை பேருக்கு மறுமணம் செய்து வைத்துவிட முடியும்? படிப்பும் சொந்தக் காலில் நிற்கும் தைரியமும் கொடுத்தால், மறுமணம் வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். இந்த யோசனையில் 1896ல் உருவானது அனாத பாலிகாசிரமம். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கியது 1912ல்தான். பிளேக் பயம் ஒரு பக்கம், ஊரின் முகச்சுளிப்பு மறுபக்கம். ராவ் பகதூர் கோகலே என்பவர் ஹிங்கணேயில் ஆறு ஏக்கர் நிலமும் கொஞ்சம் பணமும் கொடுக்க, ஆசிரமம் குடிசைக்கு மாறியது.

சிக்கல் ஆரம்பமானது இங்கேதான். பெண்ணை ஆசிரமத்தில் விட்டால் மறுமணம் செய்து வைத்துவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க, ஆசிரமத்துக்கும் மறுமண இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று கார்வே காட்ட வேண்டியிருந்தது. அப்படியானால் மறுமணம் செய்துகொண்ட பாயாவுக்கு அங்கே என்ன இடம்? கணவர் விதவைகளுக்காக உயிரை விடுகிறார். விதவையாக இருந்த மனைவியோ அந்த வேலையில் சேர முடியாமல் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. ஆசிரமத்தின் பெரிய தூணாக வளர்ந்தவர் பாயாவின் தங்கை பார்வதிபாய் ஆத்தவலே. அவரும் விதவைதான். ஆனால் மறுமணம் வேண்டாமென்று இருந்தவர், எனவே ஊர் ஏற்றுக்கொண்டது. பின்னாளில் ஐம்பதை நெருங்கும் வயதில், அரைகுறை ஆங்கிலத்தோடு அமெரிக்கா வரை போய், வீட்டு வேலை செய்து பிழைத்து அனுபவம் தேடித் திரும்பிய அசாத்தியப் பெண்மணி அவர்.

அடுத்தது பணம். கல்லூரியின் ஆயுள் உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் 75 ரூபாய். அதிலும் கை வைத்து ஆசிரமத்துக்குக் கொடுத்தார் கார்வே. குடும்பத்துக்கென்று எடுத்திருந்த 5,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டு பாலிசியையும் ஆசிரமத்துக்கே எழுதிக் கொடுத்தார். நாளைக்கு இவருக்கு ஒன்று ஆனால் பிள்ளைகளின் கதி என்ன என்று பாயா கேட்டதில் தவறு சொல்ல முடியாது. அவர் கேட்டதோடு நிற்கவில்லை. மருத்துவச்சிப் பயிற்சி பெற்றுத் தானே சம்பாதித்தார். கார்வேயின் தியாகம் என்று புத்தகங்கள் சொல்வதில் ஒரு பாதியையாவது பாயாவின் பெயரில் எழுத வேண்டும்.

இதை அறிய ஊர்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. கார்வே மராத்தியில் தன் வரலாற்றை எழுதினார், 1936ல் ஆங்கிலத்திலும் எழுதினார். பாயாவும் 1944ல் 'மாஜே புராண்', அதாவது 'என் புராணம்' என்ற தலைப்பில் தன் கதையைச் சொல்லிவிட்டார். தலைப்பிலேயே குறும்பு தெரிகிறது. மகான்களின் மனைவிமார் பெரும்பாலும் மௌனமாகவே போய்ச் சேர்ந்துவிடும் நாட்டில் இது அபூர்வமான புத்தகம்.

ஜப்பானில் இருந்த பெண்கள் பல்கலைக்கழகம் பற்றிய ஒரு சிறு பிரசுரம் கைக்கு வந்ததும் கார்வேயின் கனவு பெரிதானது. 1916ல் பெண்களுக்கான பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தே விட்டார். முதலில் ஐந்தே மாணவிகள். பாடம் தாய்மொழியில், ஆங்கிலம் ஒரு பாடம். அரசு அங்கீகாரம் கிடையாது, அது சுதந்திரத்திற்குப் பிறகுதான் வந்தது. 1920ல் பம்பாய் ஆலை அதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்ஸி தன் தாயாரின் நினைவாக 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். இன்று எஸ்.என்.டி.டி. என்று மும்பைவாசிகள் சொல்லும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருப்பது அந்தத் தாயாரின் பெயர்தான்.

கார்வேயின் ஆசிரமம் நெடுநாள் மேல்ஜாதி வீட்டுப் பெண்களின் துயரத்தையே சுற்றி வந்தது என்ற விமர்சனம் உண்டு. அதே புனேயில் 1848லேயே ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்து விட்டார்கள் என்பதை நினைத்தால் விமர்சனம் நியாயமானதே. கார்வே தாமதமாகத்தான் அந்தப் பக்கம் திரும்பினார். 78 வயதில் கிராமத் தொடக்கக் கல்விக்காக ஒரு சங்கம் ஆரம்பித்து வீடு வீடாகக் காசு வசூலித்தார். 1944ல், 86 வயதில், ஜாதி ஒழிப்புக்காக சமதா சங்கம்.

பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? மூத்தவர் ரகுநாத், தந்தையின் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்டவர். அவரும் கணிதப் பேராசிரியர். 1921ல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். அந்தப் பிரசாரத்தால் வேலை போயிற்று. 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற பத்திரிகையை 1927 முதல் 1953ல் சாகும் வரை நடத்தி, ஆபாச வழக்குகளைச் சந்தித்தார். ஒரு வழக்கில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். பாயாவின் பிள்ளைகளில் சங்கர் டாக்டராகி ஆப்பிரிக்கா போனார். தினகர் பெர்குசன் கல்லூரியின் முதல்வரானார். பாஸ்கர் தன் மனைவி காவேரியோடு ஹிங்கணே நிறுவனத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்த அப்பாவைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள்.

தினகரின் மனைவி ஐராவதி கார்வே, மானிடவியல் அறிஞர், மகாபாரதப் பாத்திரங்களை அலசும் 'யுகாந்தா'வின் ஆசிரியை. ஆயிரக்கணக்கான பெண்களைப் படிக்க வைத்த மாமனார், மருமகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி போவதை விரும்பவில்லை. ஐராவதி கணவரின் ஆதரவோடு போய் டாக்டர் பட்டத்துடன் வந்தார். பின்னாளில் மாமனாரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் மரியாதையும் உண்டு, சுருக்கென்று தைக்கும் ஊசியும் உண்டு. இப்படிப்பட்டவருக்கு மருமகளாக வாய்த்ததில் பெருமை, மனைவியாக வாய்க்காததில் அதைவிட மகிழ்ச்சி என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

1958ல் கார்வேக்கு நூறு வயது நிறைந்தது. பாரத ரத்னா கிடைத்தது. உயிரோடு இருக்கும்போதே தபால் தலையில் இடம் பிடித்த முதல் இந்தியர் என்ற பெருமையும் சேர்ந்தது. பம்பாய் பிராபோர்ன் ஸ்டேடியத்தில் நடந்த பாராட்டு விழாவுக்குப் பிரதமர் நேரு வந்திருந்தார். அதன் பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1962 நவம்பர் 9ல் கார்வே காலமானார். பாயா இந்த விழாக்கள் எதையும் பார்க்கவில்லை. 1950லேயே அவர் போய்விட்டார்.