தொட்டிக்குள் ஒரு நோயாளி

உங்கள் பிள்ளையின் தங்கமீன் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தால், மருந்தைத் தேடுமுன் நீரைப் பாருங்கள். கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாகிச் செவுள்களைப் புண்ணாக்கும். மூன்றிலொரு பங்கு நீரை அகற்றி, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீங்கிய குழாய்நீரை, அதே வெப்பநிலையில், மெல்ல ஊற்றுங்கள். காற்றுக்குழாய் இடைவிடாது இயங்கட்டும். ஓரிரு நாள் உணவு வேண்டாம். பட்டினியைத் தங்கமீன் தாங்கும், அழுக்கு நீரைத் தாங்காது. (பிள்ளைகள் இரகசியமாக ஊட்டுவார்கள், கவனம்!)

திகனயில் வாழ்வோர்க்கு விக்டோரியா நீர்த்தேக்கம் அருகில்தான். ‘அங்காவது பிழைக்கட்டும்’ என்று இரங்கி விட்டுவிடத் தோன்றும். வேண்டாம். அதன் நோய்க்கிருமிகள் மகாவலியின் மீன்களையும் தொற்றக்கூடும். விலங்குகளுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2416). அந்த மீன்களும் அதில் அடங்கும்.

இன்றிரவு செபமாலை முடிந்து பிள்ளை தன் மீனுக்காக மன்றாடினால் தடுக்காதீர்கள். பிறகு விளக்கை அணைத்துவிடுங்கள். நோயுற்ற மீனுக்கு இருள் வேண்டும்.