பாய்மரப் படகு வாங்கப் போறீங்களா? முன்பாயைச் சுருட்டுவதா, கொக்கியில் மாட்டுவதா?

மும்பையிலோ சென்னையிலோ வார இறுதிகளில் படகோட்டப் பழகிவிட்டு, இப்போது 20 முதல் 25 அடிக்குள் ஒரு பழைய பாய்மரப் படகைத் தேடுகிறீர்களா? "ரோலர் ஃபர்லிங் இருக்கு சார்" என்று விற்பவர் சொன்னால், விலை கொஞ்சம் ஏறப்போகிறது என்று அர்த்தம். அது உங்களுக்குத் தேவைதானா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

படகின் முன்முனையான அணியத்திலிருந்து பாய்மரத்தின் மேல்பகுதிக்கு ஒரு எஃகுக் கம்பி போகும். முக்கோண வடிவ முன்பாய் (ஜிப்) அதில்தான் நிற்கிறது.

ஹேங்க்-ஆன் முறையில், பாயின் ஓரத்தில் உள்ள கொக்கிகளைக் கம்பியில் மாட்டி, கயிற்றால் மேலே ஏற்ற வேண்டும். ரோலர் ஃபர்லிங்கில் கம்பியைச் சுற்றி ஒரு அலுமினியக் குழாய், அடியில் ஒரு உருளை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிறை இழுத்தால், படுக்கிற பாயைப் போல முன்பாய் சுருண்டுவிடும்.

ஏன் இது முக்கியம்?

காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 நாட் ஆனால், பாய் மீதான விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். அதற்குள் பாயின் பரப்பைக் குறைத்தாக வேண்டும். கொக்கிப் பாயை மாற்ற, குதிக்கிற அணியத்துக்கு ஒருவர் போகணும். கடலில் தவறி விழும் ஆபத்து அங்கேதான் அதிகம். தனியாகவோ, புதியவர்களுடனோ போகிறவருக்கு ஃபர்லிங் பெரிய நிம்மதி. சுலபம் என்பதால் சீக்கிரமே சுருட்டிவிடவும் செய்வீர்கள்.

அப்போ ஃபர்லிங்தான் பெஸ்ட்டா?

இங்கேதான் சிக்கல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் பாயின் வடிவம் கெட்டு, பை மாதிரி உப்பிவிடும். படகு அதிகம் சாயும், காற்றை எதிர்த்து ஏறாது. துறைமுகம் காற்று வரும் திசையில் இருந்தால் திரும்புவதே கஷ்டம். கொக்கி முறையிலோ, பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னப் பாயைத் தட்டையாக ஏற்றலாம்.

இன்னொன்று, உருளையில் கயிறு சிக்கலாம்; மேலே ஏற்றுக்கயிறு குழாயைச் சுற்றிக்கொள்ளலாம். அப்புறம் பாயைச் சுருட்டவும் முடியாது, இறக்கவும் முடியாது. கொக்கிப் பாயில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. அதன் தலையில் ஒரு இறக்குக்கயிறு கட்டி, இருக்கைவரை கொண்டுவந்தால், அங்கிருந்தே இழுத்து இறக்கலாம். செலவு ஒரு கயிறும் ஒன்றிரண்டு கப்பியும்தான்.

நம்ம ஊர் வெயிலும் புயலும்

ஃபர்லிங் பாய் எப்போதும் வெளியிலேயே இருக்கும். சுருட்டினால் வெளியே தெரியும் ஓரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் துணி இல்லையென்றால் வெயிலில் இற்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்தாலோ, ஜூனில் பருவமழைக்காகப் படகை நிறுத்தினாலோ, பாயை முழுதாகக் கழற்றி வைத்துவிடுங்கள். பலத்த காற்றில் அது தானாக அவிழ்ந்தால் பாயும் போகும், பாய்மரமும் போகலாம்.

உங்களுக்கு எது?

• தனியாகவோ குடும்பத்துடனோ, அடிக்கடி மாறும் காற்றில் போகிறவர்: ஃபர்லிங். கூடவே சுருட்டினாலும் வடிவம் கெடாமலிருக்க ஓரத்தில் நுரைப்பட்டை வைத்துத் தைத்த பாய்.

• பட்ஜெட் குறைவு, கூட ஒருவர் உண்டு, பந்தய ஆசையும் இருக்கு: கொக்கிப் பாய், இறக்குக்கயிற்றுடன். மாற்றுப் பாய்களை வைக்க இடம் வேணும்.

வாங்கும் முன் ஓரளவு காற்றுள்ள நாளில் கடலுக்குப் போய், நீங்களே பாயைச் சுருட்டிப் பாருங்கள். கயிறு இறுகினால் முரட்டுத்தனமாக இழுக்காமல், எங்கே சிக்கியது என்று பாருங்கள். குழாய்க்குள் மறைந்திருக்கும் கம்பியையும் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அறுந்தால் பாய்மரமே சாயக்கூடும்.

எந்த முறையானாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். "பாயைக் குறைக்கலாமா?" என்று முதல் தடவை தோன்றும்போதே குறைத்துவிடுங்கள்.